அப்பாவைத் தேடி வந்தவர்கள்

2023 டிசம்பர் 4-ஆம் தேதி. மிக்ஜாம் புயல் மழையில் வியாசர்பாடியில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. மழை என்றாலே முதலில் மூழ்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை அன்றும் மூழ்கியிருந்தது. மின்சாரம் போய் வெகுநேரமாகிவிட்டது. மதியத்துக்குள் என் செல்போனும் அணைந்தது. வேலைக்குச் சேர்ந்த இருபத்து மூன்று ஆண்டுகளில், வேலை நாளில் யாரும் என்னைக் கூப்பிட முடியாமல் போன முதல் பகல் அதுதான்.

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்து இறங்கும் கண்டெய்னருக்குச் சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதிப் பத்திரம் போட்டு, வரி கட்டவைத்து, சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். கப்பல் கம்பெனி கொடுக்கும் இலவச நாட்களுக்குள் எடுக்காவிட்டால் வாடகை நாள் கணக்கில் ஏறும். அதனால் சரக்குக்காரர் பதறுவார், லாரிக்காரர் பதறுவார், எங்கள் முதலாளி பதறுவார். எல்லோருடைய பதற்றமும் கடைசியில் என் போனுக்கு வந்து சேரும். இரவு பதினொன்றரைக்கு வந்தாலும் எடுப்பேன். எடுப்பதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அன்று போன் அணைந்த பிறகு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலுக்குப் போய் வந்தேன். மனைவி தண்ணீரில் நனையாமல் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் கைகொடுக்கப் போனபோது, "உங்களுக்கு எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்குள் நானே செய்துவிடுவேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்றும் காதில் இருக்கிறது.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு பையன் வந்து நின்றான், இடுப்பு வரை நனைந்து. "பெரியவர் இருக்கிறாரா?" என்றான். என் அப்பாவைத்தான் கேட்டான். அவருக்கு அப்போது 81 வயது. மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பையனைத் தொடர்ந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் எங்கள் சந்தில் உள்ள கேரம் மன்றத்தைச் சேர்ந்தவர்கள். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த வீட்டுக் கிழவிக்கு இன்சுலின், யார் வீட்டில் ஆண்பிள்ளைகள் வெளியூர் போயிருக்கிறார்கள், எந்த வீட்டு மாடிக்கு எத்தனை பேரை ஏற்றலாம் என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். பால் பாக்கெட்டும் ரொட்டியும் அந்தக் கணக்கின்படி போய்ச் சேர்ந்தன. நானும் இறங்கிப் போனேன். தண்ணீரில் அண்டாவை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்கள் எந்தத் தெரு?" என்று கேட்டார். நான் பிறந்ததே அந்தத் தெருவில்தான்.

இரண்டு நாட்களில் அப்பாவைத் தேடி இருபது பேருக்கு மேல் வந்தார்கள். என்னைத் தேடி ஒருவர்கூட வரவில்லை. மூன்றாம் நாள் போனில் உயிர் வந்ததும் 112 தவறிய அழைப்புகள் இருந்தன. அத்தனையும் ஆபீஸ் அழைப்புகள். "உங்கள் வீட்டில் தண்ணீர் வந்ததா?" என்று கேட்டவர்கள் அவற்றில் இரண்டே பேர்.

அப்பா பி அண்டு சி மில்லில் தறி ஓட்டியவர். பக்கிங்ஹாம் அண்டு கர்நாடிக் மில் என்று முழுப்பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். என் சிறுவயதில் மில் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவில் அடுப்பு எரியும், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும். 1996-இல் மில் மூடப்பட்டது. அப்பாவுக்கு அப்போது 54 வயது. சங்கு நின்ற பிறகும் அவர் அதே நேரத்துக்கு எழுந்தார், குளித்தார், சட்டை போட்டுக்கொண்டு மற்ற ஆட்களோடு மில் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். சில வாரங்கள் இப்படியே போயின. அவரோடு அடுத்த தறியில் வேலை பார்த்த ஒரு மாமா வாசலுக்குப் போவதை நிறுத்தவே இல்லை. பிறகு குடிக்க ஆரம்பித்தார். மூன்று ஆண்டுகளுக்குள் போய்ச் சேர்ந்தார். நல்ல தொழிலாளி அவர். விடுப்பே எடுக்காதவர் என்று அப்பா இன்றும் சொல்வார்.

அப்பாவுக்கு மாலையில் போக ஓர் இடம் இருந்தது. மில் ஓடிய காலத்திலேயே ஷிப்டு முடிந்தால் மன்றத்துக்குப் போவார். பத்துக்குப் பன்னிரண்டு அறை, நடுவில் தகர மூடி போட்ட ஒரே பல்பு, அதற்கு நேர் கீழே பலகை. வடசென்னையில் கேரம் வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பது இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். அப்பா பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஆனால் சட்டதிட்டம் தெரிந்தவர், தகராறு வந்தால் தீர்த்துவைப்பவர். மில் போன பிறகு ஒரு குடோனில் காவலாளியாக வேலை பார்த்தார். சம்பளம் பாதியானது. மன்றத்தில் அவருடைய நாற்காலி அப்படியே இருந்தது. இளைஞனாக இருந்தபோது நான் அவரிடம் ஒருமுறை, "இந்த மன்றத்துக்குக் கொடுத்த நேரத்தில் வேறு வேலை பார்த்திருந்தால் நாம் முன்னேறியிருப்போம்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த வார்த்தையை நான் திரும்ப எடுக்க இருபது வருடமும் ஒரு புயலும் தேவைப்பட்டன.

இனி நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். வேலையை விடவில்லை. விடவும் முடியாது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். வேலை எனக்குப் பிடிக்கவும் செய்கிறது. சிக்கிக் கிடந்த ஒரு கண்டெய்னர் வெளியே வரும்போது இன்றும் மனம் நிறைகிறது. மாறவேண்டியிருந்தது, என் வாழ்க்கையில் வேலை பிடித்திருந்த இடம்தான்.

ஜனவரியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நான்கு வாரங்கள் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு என்ன செய்தேன் என்று எழுதினேன். தீர்மானம் எதுவும் எடுக்காமல் எழுத மட்டும் செய்தேன். யாராவது இதை முயல்வதாக இருந்தால் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். மனதால் போடும் கணக்கு பொய் சொல்லும். நான் வாரத்துக்கு ஐம்பது மணி நேரம் வேலை செய்வதாக நினைத்திருந்தேன். நோட்டில் சராசரி 68 மணி வந்தது, பயணத்தைச் சேர்க்காமல். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1947-லேயே எழுதிவைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 55 மணி அல்லது அதற்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்கிறது. இதைப் படித்த அன்று இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டேன். அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் மாத்திரை தொடங்கியது அன்றுதான்.

நோட்டில் இரவு அழைப்புகளைத் தனியாகக் குறித்தேன். எட்டு மணிக்கு மேல் வந்தவை அந்த நான்கு வாரத்தில் 94. அவற்றில் இரவிலேயே ஏதாவது செய்தாக வேண்டியவை 7 மட்டுமே. மற்றவை எல்லாம் "நாளைக்குக் காலையில் ஆகிவிடுமா?" என்ற கேள்விகள். கேட்டவருக்கு என் குரல் ஓர் ஆறுதல், அவ்வளவுதான். நான் எடுப்பேன் என்று தெரிந்ததால் கூப்பிட்டார்கள்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். "எனக்கு ஓய்வு வேண்டும்" என்று கேட்டிருந்தால், "வேண்டியதை எடுத்துக்கொள், ஆனால் போனை மட்டும் எடு" என்று சொல்லியிருப்பார். நான் கேட்டது வேறு. நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம், எட்டு மணிக்கு மேல் ஒருவர் முறை, அந்த ஒரு எண்ணைச் சரக்குக்காரர்களுக்குக் கொடுங்கள், ஏழு அவசரமும் அப்போது இன்னும் வேகமாகத் தீரும் என்றேன். இரண்டு வாரம் யோசித்தார். பிறகு ஒரு மாதம் பார்ப்போம் என்றார். அந்த மாதத்தில் ஒரே ஒரு கண்டெய்னருக்கு ஒரு நாள் வாடகை கூடியது. அதற்கும் காரணம் காகிதத்தில் இருந்த பிழை, இரவு முறை இல்லை. முறை நிலைத்தது. என்னைவிட வயதில் சிறியவர்கள் நால்வருக்கும் அது கிடைத்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஒருவன் மட்டும் தனியாகப் போய்க் கேட்டிருந்தால் அது சலுகையாக இருந்திருக்கும். ஐந்து பேருக்கும் சேர்த்துக் கேட்டதால் ஏற்பாடாக ஆனது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "சங்கம் தொடங்கியதே சாப்பாட்டு நேரத்துக்காகத்தான்" என்றார். உண்மைதான். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது, இதே மில் தொழிலாளர்களைக் கொண்டு எழுந்தது. பி.பி. வாடியா தலைவராக இருந்தார், திரு.வி.க. முன்னின்றார். தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று, மதிய இடைவேளை உண்ணப் போதவில்லை என்பது. கூலி உயர்வுக்கான பெரிய போராட்டங்கள் எல்லாம் பின்னால் வந்தன. உட்கார்ந்து சோறு தின்ன நேரம் கேட்டவர்களின் பேரன் நான். என் தாத்தாவும் அதே மில். ஆனால் நான் பல வருடங்களாக மாலை நான்கு மணிக்குப் பர்மா கடையில் நின்றபடி அத்தோ தின்று அதை மதியச் சாப்பாடு என்று கணக்கு வைத்திருந்தேன். இப்போது ஒன்றேகாலுக்கு ஆபீஸின் பின்அறையில் எல்லோரும் டப்பாவைத் திறக்கிறோம். போன்கள் மேசை இழுப்பறையில் கிடக்கும். அரை மணி நேரம். இதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை, எங்களுக்குள் பேசிக்கொண்டால் போதுமாக இருந்தது.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். இரவு வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கிடைத்துவந்த ஊக்கத்தொகையில் மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு குறைந்தது. எங்கள் வீட்டுக்கு அது சிறிய தொகை இல்லை. அதனால் முறை வந்த உடனே எல்லா ஞாயிறையும் விட்டுவிடவில்லை. வண்டிக் கடனுக்கு இன்னும் ஒன்பது தவணை இருந்தது. அதை முடிக்கும்வரை மாதம் இரண்டு ஞாயிறு போனேன். பிறகு நிறுத்தினேன். கடன் கழுத்தில் இருக்கும்போது "வாழ்க்கையை அனுபவி" என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வரும். முதலில் எந்தத் தவணை எப்போது முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, நேரத்தை அதற்குத் தகுந்தபடி திரும்ப எடுத்துக்கொள்வதே நடக்கக்கூடிய காரியம். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாசலுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களுடைய தூக்கத்தை அவர்களால் மட்டும் திரும்ப வாங்க முடியாது. அதற்கு வேறு கைகள் சேரவேண்டும். என் அனுபவம் மாதச் சம்பளக்காரனுடையது என்பதை மறக்காமல்தான் எழுதுகிறேன்.

நேரம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் கடினமான பகுதி தொடங்கியது.

முதல் இரண்டு மாதம் மாலைகளைத் தொலைக்காட்சி தின்றது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆறு மாதப் பணம் கட்டி ஒன்பது நாள் போனேன். வேலையைக் குறைத்தால் வாழ்க்கை தானாக வந்து நிரம்பும் என்று நம்பியிருந்தேன். அது அப்படி வருவதில்லை. இருபது வருடம் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தால் உள்ளே சாமான் இருக்காது, தூசிதான் இருக்கும். அப்பாவுக்கு மில் மூடியபோது மன்றம் தயாராக இருந்தது என்றால், அவர் அதற்கு முந்தைய இருபத்தைந்து வருட மாலைகளை அங்கே போட்டிருந்தார். ஆகையால் ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு நான் சொல்வது, இப்போதே வாரத்துக்கு ஒரு மாலையாவது போட்டு வையுங்கள்.

அடுத்து ஒரு தவறு செய்தேன். எனக்குக் காகித வேலை நன்றாக வரும் என்பதால் தெருக்காரர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பிள்ளைகளின் உதவித்தொகை, முதியோர் பென்ஷன். மூன்று வாரத்தில் இரவு பத்து மணிக்குப் போன் அடிக்கத் தொடங்கியது, இந்த முறை தெருவிலிருந்து. மறுபடியும் அதே மனிதனாகிவிட்டேன். சம்பளம் மட்டும் இல்லை. இப்போது சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை மன்றத்து வாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன். அந்த நேரத்துக்கு வெளியே வந்தால், "சனிக்கிழமை வாருங்கள்" என்பேன். யாரும் வருத்தப்பட்டதில்லை.

நிஜமான மாற்றம், எனக்குக் கொஞ்சமும் தெரியாத ஒன்றைத் தொட்டபோது வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அப்பாவோடு மன்றத்துக்குப் போனேன். எதிரில் உட்கார்ந்தவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். போரிக் பவுடரை விரல்நுனியில் எடுத்துப் பலகையில் தூவி, உள்ளங்கையால் வட்டமாக ஒரு தடவை தடவினான். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து விரலைச் சுண்டினான். காய் பலகையின் அந்தப் பக்கம் மோதித் திரும்பி வந்து என் வலதுபக்கக் குழிக்குள் இறங்கியது. நான் அடித்தபோது நகம் வலித்தது, காய் அசைந்ததே தவிர எங்கும் போகவில்லை. "தாத்தா, கையைக் கட்டை மாதிரி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் உங்கள் மகனிடம்" என்று அவன் அப்பாவிடம் முறையிட்டான். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தி வைத்தான். ஆபீஸில் என்னிடம் கேட்காமல் ஒரு கோப்பு நகராது. இங்கே ஒரு குழந்தை என் கையைத் திருத்துகிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கண்டெய்னர்கூட என் நினைவுக்கு வரவில்லை என்பதை வீட்டுக்கு நடக்கும்போதுதான் உணர்ந்தேன். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் போகிறேன்.

இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அது நோட்டில் முதலில் வரவே இல்லை. என் மனைவி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அவள் கடையிலும் ஒரு ஸ்டூல் வந்தது. கூட்ட நேரத்தில் அதில் உட்கார முடியாது என்பாள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, வீட்டில் மறுபடியும் அடுப்படியில் நிற்பாள். நான் மன்றத்துக்குப் போன முதல் சில வாரங்களில் என் புது மாலை யாருடைய கால்களின்மேல் நிற்கிறது என்று பார்க்கவில்லை. அவளும் தன் மணிகளை நோட்டில் எழுதினாள், ஒரே வாரம். வீட்டு வேலையைச் சேர்த்தால் என்னைவிட ஒன்பது மணி நேரம் அதிகம். திங்கள், புதன், ஞாயிறு இரவுச் சமையல் இப்போது என்னுடையது. விடியற்காலையில் குழாயில் தண்ணீர் பிடிப்பதும் என்னுடையது. கத்தரிக்காய்க் காரக்குழம்பு ஓரளவு வருகிறது. அந்த மூன்று மாலைகளில் அவள் என்ன செய்கிறாள் என்று நான் கேட்பதில்லை. சில நாள் தங்கை வீட்டுக்குப் போகிறாள், சில நாள் காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறாள்.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒருவர் மட்டும் இளைப்பாறினால் அது இளைப்பாறல் இல்லை, பாரத்தை மாற்றி வைப்பது. நண்பர்களிடம் இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன்.

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு படகுக்காரர் அந்த நாட்களில் கையில் பணமில்லாமல் இருப்பதையும் சொல்வார், வலையை முழுவதும் பிரித்து ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பதையும் சொல்வார். "ஓடிக்கொண்டே இருந்தால் வலை எங்கே கிழிந்திருக்கிறது என்று தெரியாது, மீன் குறைந்த பிறகுதான் தெரியும்" என்றார். அதைக் கேட்டுத்தான் சென்ற ஆண்டு முதன்முறையாக என் விடுப்பை ஒன்றிரண்டாகச் சிதறவிடாமல் பத்து நாள் சேர்த்து எடுத்தேன். எங்கும் பயணம் போகவில்லை. அப்பாவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போனேன், மகளோடு இரண்டு நாள் பேசினேன். அவளுக்கு என்னிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது.

போன மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் புதிதாகத் திறக்கும் கிளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சம்பளம் நன்றாகவே கூடும். எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். நோட்டை எடுத்து, அந்த வேலை வாரத்தில் எந்தெந்த மாலைகளை எடுத்துக்கொள்ளும் என்று முதலில் எழுதினேன். பிறகு அவரிடம் போய், அங்கேயும் இரவு முறை வேண்டும், செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணிக்கு நான் கிளம்பவேண்டும், இந்த இரண்டும் இருந்தால் வருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று செவ்வாய். பீச் ஸ்டேஷனில் ஆறே காலுக்கு ரயிலைப் பிடித்தால் ஜீவா ஸ்டேஷனில் இறங்கி ஏழு மணிக்குள் மன்றத்தில் இருப்பேன். போன வாரம் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. வழியில் புது பல்பு ஒன்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்குச் சிவப்புக் காய் நன்றாகத் தெரிகிறதாம்.